சோளகத்துக்கு முன் ஒரு செத்தவீடு

எங்காவது புயல் அடித்தது என்று செய்தி வந்தால் நான் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவேன். பிள்ளைகளுக்குக் கோபம் வரும். "அம்மாவுக்கு இரக்கமே இல்லை" என்பார்கள். இடிந்த வீட்டுக்கு முன்னால் ஒருத்தி தலைவிரிகோலமாய் அழுதுகொண்டிருப்பாள். அவளுடைய மூக்குக்குக் கீழே ஒலிவாங்கியை நீட்டி, "இப்ப உங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று ஒருவன் கேட்பான். அதோடு நிறுத்திவிடுவேன். இரக்கம் இல்லாமல் அல்ல. அந்தக் கேள்விக்கு ஒரு மணம் உண்டு, அது எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அது ஓடிக்கொலோன் என்ற வாசனைத் தண்ணீரின் மணம்.

அந்தக் கரையில் என்னோடு பிறந்து வளர்ந்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். ஆனால் போன கிழமை உங்களில் ஒருவர் தொலைபேசியில், "புயலிலை செத்தாரே உங்கடை சித்தப்பா, அவர்" என்று கதையைத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சித்தப்பா புயலில் சாகவில்லை. அவர் பேப்பரில்தான் செத்தார். நீங்கள் எல்லாரும் அன்று கண்ணால் பார்த்தவர்கள், இருந்தும் பேப்பர்தான் உங்கள் நினைவில் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வளவு வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே, வாடைக் காலத்தில் கடல் தூவானம் முற்றத்தில் விழும் தூரத்தில் இருந்தது. ஒரு வேலிக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் அவரைக் கட்டிய சித்தப்பாவும். புயல் வந்தபோது அவர்களுக்குக் கல்யாணம் நடந்து நாலு மாதம் இருக்கும். சித்தப்பா கடல் தொழில். அப்பா துறைமுகத்துக் கடையொன்றில் எழுதுவினைஞர், கடலுக்குப் பயந்த மனிதர்.

சின்னம்மாவின் பொட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் கதை முழுக்க அதைப் பற்றியதுதான். சேவல் படம் போட்ட சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. காலையில் முழுகிவிட்டு வந்து அதை வீட்டுத் தூணான கப்பில் கொழுவிவிட்டு, மோதிரவிரலால் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்து ஒரு தரம் அமத்தித் திருப்புவார். இன்றைய பெண்கள் வைக்கிற புள்ளி இல்லை. ஐந்து சதக் காசு அளவு வரும்.

"இவ்வளவு பெரிசாய் ஏனடி? கொஞ்சம் சின்னனாய் வையன்" என்று அம்மா சொல்லுவார்.

சித்தப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தபடியே, "விடுங்கோ மச்சாள். கரையிலை நிண்டால் எனக்குக் கடலிலை இருந்து தெரியவேணும்" என்பார். சின்னம்மாவுக்குக் காது சிவந்துபோகும்.

எங்கள் கரையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வாடைக் காலத்தில் கடலில் காணாமல் போனவனுக்குச் சோளகம் எழும்பும்வரை செத்தவீடு செய்வதில்லை. வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடை வள்ளத்தை அக்கரைக்கு, அதாவது இந்தியக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். போனவன் கோடியக்கரைப் பக்கம் எங்காவது ஒதுங்கிக் கிடப்பான். சித்திரை கழிந்து தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்ப, அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவான். அப்படி வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே பேரப்பிள்ளைகளோடு இருந்தார்கள். சோளகம் பிறந்தும் ஆள் வராவிட்டால்தான் இல்லையென்று எடுப்பார்கள். அதுவரை மனுசியின் தாலியில் கைவைக்க அவளைப் பெற்ற தாய்க்கும் உரிமை இல்லை.

அந்த மார்கழியில் ஒருநாள் விடியப்புறம் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளியும் கடலுக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் புயல் அடித்தது. மறுநாள் காலையில் நாங்கள் வெளியே வந்தபோது இரண்டு வீட்டுக்கும் கூரை இல்லை. கூரை வேய்ந்த கிடுகெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. கிணற்றுக்குள் கடல்தண்ணீர். முற்றம் முழுக்கக் கடல் கொண்டுவந்த சாதாழைப் பாசி. அதற்குள் செத்த மீன், செத்த கோழி, யாருடையதோ ஆடு. வெயில் ஏற ஏற ஊர் அழுகத் தொடங்கியது. எங்கள் தலைமயிரில்கூட அந்த நாற்றம் பல நாளாக இருந்தது. கோயில் வீதியில் ஒரு வள்ளம் குப்புறக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதன் மேலே ஏறி விளையாடினோம். ஒருவரும் எங்களை ஏசவில்லை. ஏச யாருக்கும் சத்து இல்லை.

கூட்டாளியின் உடல் கரை ஒதுங்கியது. கல்யாணம் கட்டாத பெடியன். அவனை எரித்தார்கள். சித்தப்பா ஒதுங்கவில்லை. சின்னம்மா அழவில்லை. கண்ணாடியைத் துடைத்து, கூரையில்லாத வீட்டின் கப்பில் கொழுவி, பொட்டை வைத்துக்கொண்டு, "சோளகத்துக்கு வருவார்" என்றார். ஊரும் அப்படியே சொன்னது. "ஓம், பாப்பம். சோளகம் வரட்டும்" என்றுதான் பெரியவர்கள் எல்லாரும் கதைத்தார்கள். அந்த நாட்களில் ஊர் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் லொறி வந்தது.

நிவாரணக் குழு என்று ஒன்று அமைத்திருந்தார்கள். தலைவர் ஒரு பிரக்கிராசியார். கோட்டுப் போட்ட வக்கீல்களை அப்போது அப்படித்தான் அழைப்போம். அவருடைய மனைவியை எல்லாரும் பிரக்கிராசியார் அம்மா என்பார்கள். எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் லொறியிலிருந்து பழைய உடுப்புகளைக் கொட்டினார்கள். கம்பளிக் கோட்டு, வெள்ளைக்காரிகளின் கவுன், ஒற்றைச் சப்பாத்து. எங்கள் ஊர் வெக்கைக்குக் கம்பளிக் கோட்டு! கக்கப் பக்கத்தில் யாருடையதோ வியர்வை மஞ்சளாய்க் காய்ந்திருந்தது. பூச்சி வராமல் போடும் பூச்சிமுட்டை உருண்டையின் மணத்துக்கு அடியில் அந்த மனிதர்களின் மணமும் இருந்தது. எனக்கு ஒரு கவுன் கிடைத்தது. அம்மா அதை மூன்று தரம் அவித்துத் தோய்த்தார். அப்படியும் நான் போடவில்லை.

மா மூட்டையை அவிழ்த்தால் மா நெளியும். அரித்து எடுத்துப் பிட்டு அவித்துத் தின்றோம். பால்மாவைக் குடித்த பிள்ளைகள் எல்லாம் வயிற்றாலடித்து வேலியோரம் ஓடித் திரிந்தார்கள். கூரைத் தகரம் வந்ததென்று சொன்னார்கள். அந்தத் தகரம் கல்வீட்டுக்காரர்களின் மாட்டுக்கொட்டில்களில் ஏறியதை நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தோம். எல்லாவற்றையும் பிரக்கிராசியார் அம்மாதான் கையால் எடுத்துக் கொடுப்பார். மற்றக் கையில் ஓடிக்கொலோன் நனைத்த வெள்ளை லேஞ்சி, கைக்குட்டை. அதை மூக்கில் வைத்தபடிதான் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். ஒவ்வொருவரும் வாங்கிய பிறகு கைதட்டவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். புழுத்த மாவுக்குக் கைதட்டினோம்.

அவர்களோடு ஒரு நிருபரும் வந்தார். தோளில் பெரிய காமரா. உடைந்த வீடுகளைப் பார்த்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

"வீடு உடைஞ்ச படம் எல்லாப் பேப்பரிலையும் வருகுதம்மா. ஆக்கள் வேணும். பாத்தால் மனசைத் தொடவேணும்" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

பிரக்கிராசியார் அம்மா யோசித்துவிட்டு, "ஒரு பிள்ளை இருக்கிறாள். கலியாணம் முடிச்சு நாலு மாசம். புருசன் போயிட்டான். நல்ல முகவெட்டு" என்றார். கறிக்கடையில் ஆட்டைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார்.

நேரே எங்கள் வளவுக்கு வந்தார்கள். காரைக் கண்டதும் அப்பா ஓடிப்போய் இருக்கக் கதிரை கொண்டுவந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனார். சின்னம்மாவைக் கூப்பிட்டு, விழுந்து கிடந்த முருங்கை மரத்தின் மேல் இருத்தினார்கள். நிருபர் காமராவுக்குள் பார்த்தார். தலையை நிமிர்த்தினார். திரும்பவும் பார்த்தார்.

"அம்மா, உந்தப் பொட்டு..." என்று பிரக்கிராசியார் அம்மாவிடம் இழுத்தார். "உதோடை எடுத்தால் வாசிக்கிற சனம் நம்பாது."

சின்னம்மாவுக்கு விளங்கிவிட்டது. "அவர் சாகேல்லை. என்னத்துக்கு அழிக்கிறது? எங்கடை ஆக்கள் சோளகம் மட்டும் பாப்பினம்" என்றார்.

"படத்துக்குத்தானே, பிள்ளை. பிறகு வைக்கலாம்" என்றபடி பிரக்கிராசியார் அம்மா கிட்டப் போனார். இடது கையால் சின்னம்மாவின் பிடரியைப் பிடித்தார். வலது கையிலிருந்த ஓடிக்கொலோன் லேஞ்சியால் ஒரே இழுப்பு. குங்குமம் நெற்றி முழுக்க இழுபட்டது. அதையும் துடைத்தார். சிவப்பு உள்ளே போகும்படி லேஞ்சியை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். குழந்தைக்கு மூக்குச் சீறிவிட்டது போல, அவ்வளவு சாதாரணமாய்.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிருபருக்கு என்மேல் கண் விழுந்தது. "உந்தப் பிள்ளையை மடியிலை வையுங்கோ."

"அது என்ரை பிள்ளையில்லை. அக்காவின்ரை" என்றார் சின்னம்மா.

"பரவாயில்லை, ஆருக்குத் தெரியப்போகுது?"

என்னைத் தூக்கி மடியில் வைத்தார்கள். எனக்கு எட்டு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. காமராவில் வெயில் படுகிறதென்று நிருபர் ஒரு குடையைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். என்னைத் தகப்பனில்லாப் பிள்ளையாய்ப் படம் எடுத்தபோது குடை பிடித்தவர் என் தகப்பன்.

அப்பாவை நான் வெறுத்தவள் அல்ல. நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு எங்கள் வளவில் நின்றவர்களில் ஒருவராவது, "வேண்டாம் அம்மா, எங்களிடம் அப்படி வழக்கமில்லை" என்று சொல்லியிருக்கலாம். கார் வைத்திருக்கிறவர்கள் வாசல் படலைக்குள் காலடி வைத்தால் எங்கள் ஆட்களுக்கு நாக்கு உள்ளே போய்விடும். சீனி போட்ட தேத்தண்ணியைக் கொடுத்து வழியனுப்பினார்கள். அந்தச் சீனி நிவாரணச் சீனி.

படம் வந்தது. "கைக்குழந்தையுடன் கதறும் இளம் விதவை" என்று பெரிய எழுத்தில். கைக்குழந்தை நான். சின்னம்மா கதறவும் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். அதைத்தான் கதறல் ஆக்கியிருந்தார்கள். கீழே பிரக்கிராசியார் குழுவின் சேவையைப் பற்றி நீளமாய் எழுதியிருந்தது. சித்தப்பாவை அலை விழுங்கியதைக் கிட்ட நின்று பார்த்தவர் மாதிரி எழுதியிருந்தார் நிருபர்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, "தேப்பனில்லாப் பிள்ளை" என்று ஒரு புதுப் பென்சில் தந்தார். அதற்கு முதல்நாள்தான் எங்கள் படலையில் நின்று அப்பாவோடு கதைத்துவிட்டுப் போனவர். பேப்பரைப் பார்த்ததும் கண்ணால் கண்டது மறந்துபோயிற்று. இதைத்தான் நான் இன்றுவரை அருவருக்கிறேன். பொய் சொல்கிறவனை விடுங்கள், அவனுக்கு அது தொழில். நம்புகிறவர்களின் அவசரத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சாவகச்சேரியிலிருந்து அம்மாவின் சொந்தக்காரர் பேப்பரைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். படலையில் வரும்போதே ஒப்பாரி. உள்ளே வந்தால், சின்னம்மா பெரிய பொட்டோடு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார். அழுகை அப்படியே நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "உதென்ன கோலம்?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். செத்தவீட்டுக்கு என்று பஸ் காசு கொடுத்து வந்து, அது இல்லையென்றதும் அவர்களுக்கு வந்த ஏமாற்றத்தை நான் முகத்தில் பார்த்தேன்.

அவர்களோடு அம்மான் வந்திருந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்த சகோதரன். கொடிகாமத்தில் மரக்கறி மொத்த வியாபாரம். எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னதுதான் முடிவு. முற்றத்தில் கதிரையில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பேப்பரிலை வந்தாச்சு. கொழும்பு மட்டும் பாத்திட்டுது. இனி இவள் பொட்டோடை திரிஞ்சால், பொய் சொல்லி நிவாரணம் எடுத்த சனமெண்டு எங்களைக் காறித் துப்புவாங்கள். நான் சந்தையிலை தலைகாட்டேலாது. செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பம்."

அப்பா மெல்ல, "சோளகம் மட்டும் பாத்தால் என்ன, மச்சான்?" என்று கேட்டார். அவர் வாயைத் திறந்ததற்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், அது அந்த ஒரு தரம்தான்.

"சோளகமாம் சோளகம்! பேப்பருக்குத் தெரியாததோ உங்கடை காத்துக்குத் தெரியும்?" என்றார் அம்மான்.

அதோடு கதை முடிந்தது. கடலையே கண்டறியாத மரக்கறிக்காரர் சொன்னதற்கு, கடலில் பிறந்து வளர்ந்த எங்கள் கரைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். வழக்கத்தை உடைத்தது புயல் அல்ல. பேப்பர் பொய்யாகிவிடக்கூடாது என்பதற்காக ஒரு மனிதன் செத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று.

குருக்கள் வந்தார். உடல் இல்லாததால் தர்ப்பையில் ஒரு உருவம் கட்டினார்கள். அது என்னுடைய மரப்பாச்சியளவுதான் இருந்தது. சித்தப்பா ஆறடி. அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். சின்னம்மாவை உள்ளறையில் பெண்கள் பிடித்துக்கொண்டு தாலிக்கொடியைக் கழற்றினார்கள். "சோளகம் வரட்டும்! சோளகம் வரட்டுமடி!" என்று அவர் கத்தியது வேலிக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. அம்மாவும் பிடித்தவர்களில் ஒருவர். அம்மான் தாலிக்கொடியை லேஞ்சியில் முடிந்து எங்கள் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சேவல் கண்ணாடியை அன்றைக்கு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு நான் அதைக் காணவே இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முறைப்படி நடந்தது. வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றி நல்லமாதிரிக் கதைத்தார்கள்.

நிவாரணக் குழு ஒரு கூட்டம் வைத்துச் சின்னம்மாவுக்குத் தையல் மெசின் கொடுத்தது. மாலை போட்டுக் கொடுத்தார்கள். வெள்ளைச் சீலைக்கு மேலே சாமந்தி மாலை. மெசினைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்ததோடு சரி, சின்னம்மா அதன் மர மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை. அந்த மாதங்கள் முழுக்க அவர் எங்களில் ஒருவரோடும் கதைக்கவில்லை. தோய்த்த வெள்ளைச் சீலையைக் கொடியில் போட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்த்துக்கொண்டே இருப்பார். வாடைக்குச் சீலை வீட்டுப் பக்கமாய்ப் பறக்கும். அவருக்கு ஏதோ மூளை பிசகிவிட்டதென்றுதான் அப்போது எல்லாரும் எனக்குச் சொல்லித்தந்தார்கள்.

ஒருநாள் காலையில் சீலை கடல் பக்கமாய்த் திரும்பிப் பறந்தது. சின்னம்மா அதைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சித்தப்பா வந்தார். யாரோ அக்கரையிலிருந்து வந்த வள்ளத்தில் இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து வேலிகளுக்கு இடையிலான ஒழுங்கையால் நடந்துவந்தார். தாடியும் எலும்புமாய் இருந்தார். அவருக்குப் பின்னால் ஊரே வந்தது. கெட்ட காலத்துக்கு அன்றைக்கு அம்மான் எங்கள் வீட்டில் இருந்தார். படலையைக் கையால் மறித்தார்.

"நில்லு! உள்ளுக்கு வராதை."

"ஏன்?" என்றார் சித்தப்பா.

"அந்தியேட்டி முடிஞ்சுது. செய்து முடிச்ச வீட்டுக்குள்ளை அப்பிடியே காலெடுத்து வைக்கேலாது. குருக்களைக் கேக்கவேணும்."

"ஆருக்கு அந்தியேட்டி?"

"உனக்குத்தான்."

சித்தப்பா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் இருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற பெண்கள் குசுகுசுத்தார்கள். "அவளெண்டாலும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்." "பொறுப்பாளோ? மெசின் கிடைக்குதெண்டால் ஆர் பொறுப்பினம்?" அந்தக் குரல்களை எனக்குத் தெரியும். சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாலியைக் கழற்றிய அதே பெண்கள். இதை எழுதும்போதும் எனக்கு எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

சின்னம்மா வெள்ளைச் சீலையோடு வந்தார். குசினியில் இருந்திருக்கவேண்டும், கையில் மா ஒட்டியிருந்தது. அம்மான் மறித்த கைக்கு அடியால் குனிந்து வெளியே போனார்.

"அவர் உள்ளுக்கு வரேலாதெண்டால் நான் வெளியிலை வாறன்" என்றார்.

இரண்டு பேரும் ஒழுங்கையால் கடற்கரைக்கு நடந்தார்கள். அங்கே மீன் காயப்போடுகிறவர்களின் வெறும் வாடி ஒன்று இருந்தது. அந்தக் கொட்டிலில்தான் இருந்தார்கள். குருக்களுக்கும் அம்மானுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் இடையில் பெரிய ஆராய்ச்சி. செய்த கிரியையைத் திருப்பி எடுக்கலாமோ, செத்தவன் புதிதாய்ப் பிறந்ததாய்ச் சடங்கு செய்யவேணுமோ, பெயர் திரும்ப வைக்கவேணுமோ என்று நாட்கணக்காய்க் கதைத்தார்கள். அவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, அம்மா அலுமாரியைத் திறந்து தாலிக்கொடியை எடுத்து மடியில் செருகி, என்னையும் கூட்டிக்கொண்டு வாடிக்குப் போனார். சின்னம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அதை நீட்டினார். சித்தப்பா அதை வாங்கிச் சின்னம்மாவின் கழுத்தில் போட்டார். ஐயரும் இல்லை, மேளமும் இல்லை. அம்மா விம்மி விம்மி அழுதார். சின்னம்மா, "அழுதது காணும் அக்கா, அடுப்பு அணையப்போகுது, ஊது" என்றார்.

கால் முறிந்து அக்கரையில் ஒரு கடற்றொழிலாளி வீட்டில் கிடந்தாராம் சித்தப்பா. கையில் பாஸ்போட், கடுதாசி ஒன்றும் இல்லாததால், வெளியே தெரிந்தால் பொலிஸ் பிடித்து மறியலில் அடைத்துவிடும் என்று ஒளித்து வைத்திருந்தார்கள். இங்கே வந்த ஒருவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவன் கடலில் பிடிபட்டுப்போனான். "அதுக்கென்ன, சோளகம் மட்டும் பாப்பினம்தானே எண்டு இருந்தன்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அடுப்பை ஊதினார்.

பிறகு அந்தக் கார் வாடிக்கே வந்தது. மணலில் புதையப் புதைய நிருபரும் பிரக்கிராசியார் அம்மாவும் இறங்கி வந்தார்கள். கையில் ஒரு சிவப்புச் சீலை, பூச்சரம், வெள்ளிக் குங்குமச்சிமிழ்.

"மாண்டவர் மீண்டார் எண்டு போடலாம். கொழும்பிலை ஆவலாய் இருக்கினம்" என்றார் நிருபர். முதல் எழுதியது பொய்யென்ற கூச்சம் ஒரு துளியும் முகத்தில் இல்லை. அவருக்கு இது இரண்டாவது செய்தி, அவ்வளவுதான்.

பிரக்கிராசியார் அம்மா சிமிழைத் திறந்து நீட்டினார். "இந்தா பிள்ளை, பெரிசாய் வை. படத்துக்கு நல்லாயிருக்கும்."

சின்னம்மா சிமிழைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அண்டைக்குப் படத்துக்கெண்டு அழிச்சனீங்கள். இண்டைக்குப் படத்துக்கெண்டு வைக்கச் சொல்லுறியள். நீங்கள் நினைச்சால் அழிக்கிறதும் நினைச்சால் வைக்கிறதும் எண்டால், உது எனக்கு இனி வேண்டாம்."

"என்ன கதை கதைக்கிறாய்? புருசன் உயிரோடை எண்டு ஊருக்குத் தெரியவேண்டாமோ?"

"எனக்குத் தெரியும். அது காணும்."

பிரக்கிராசியார் அம்மாவின் முகம் கறுத்தது. லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். "நன்றி கெட்ட சனம்" என்று அதற்குள்ளால் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

சித்தப்பா நிருபரின் பின்னால் காலை இழுத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போனார். "தம்பி, படத்தை விடு. நான் சாகேல்லையெண்டு ரெண்டு வரி போடன்."

"படமில்லாமல் ஆர் அண்ணை வாசிக்கிறது?" என்றார் நிருபர்.

போடவில்லை. பேப்பரில் சித்தப்பா இன்றுவரை உயிரோடு வரவில்லை.

புருசன் இருக்கிறவளுக்கு விதவை மெசின் எதற்கு என்று குழு ஆள் அனுப்பி அதைத் திருப்பி எடுத்தது. அவசரத்தில் மர மூடியை விட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கவிழ்த்து வைக்கோல் போட்டுச் சின்னம்மா கோழியை அடை வைத்தார். நிறையக் குஞ்சு பொரித்தது. அந்தப் புயல் நிவாரணத்தில் எங்களுக்கு உருப்படியாய்க் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஆராய்ச்சி முடிந்து, குருக்கள் சித்தப்பாவைக் கடலில் முழுகவைத்து ஏதோ செய்து வீட்டுக்குள் விட்டார். வாழ்க்கை பழையபடி ஓடியது. சின்னம்மா கலர்ச் சீலை கட்டினார், பூ வைத்தார், சித்தப்பாவோடு கொழுவிச் சண்டை பிடித்தார், சிரித்தார். பொட்டு மட்டும் வைக்கவில்லை. கோயிலில் குருக்கள் நீட்டும் குங்குமத்தைக் கையில் வாங்கித் தூணில் பூசிவிட்டு வருவார். புருசன் இருக்க வெறும் நெற்றியோடு திரிகிறாள் என்று கல்யாண வீடுகளில் முன்னுக்குக் கூப்பிடமாட்டார்கள். என் கல்யாணத்துக்கே பின்வரிசையில்தான் இருந்தார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "விடு பிள்ளை, எனக்கு இஞ்சை காத்து வருது" என்றார். சித்தப்பா அவரை ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், இன்னும் வயது போகாத காலத்திலேயே, சின்னம்மா நோய்வருத்தம் வந்து செத்துப்போனார். செத்தவீட்டில் படம் எடுப்பது அப்போது எங்கள் பக்கத்தில் வழக்கம். அம்மானின் மகன் யாரோ படக்காரரைக் கூட்டிவந்திருந்தான். சின்னம்மாவைக் கூறைச் சீலை உடுத்தி நடுவறையில் கிடத்தியிருந்தார்கள். படக்காரர் முக்காலியை விரித்துக் காமராவை நிறுத்தினார். பெண்களில் ஒருத்தி குங்குமத்தைத் தட்டில் கொண்டுவந்தாள்.

"சுமங்கலியாய்ப் போறாள், ஆருக்குக் கிடைக்கும் உந்தப் பாக்கியம்? வையுங்கோ, வையுங்கோ. படத்திலை வெறும் நெத்தியாய்த் தெரியப்போகுது."

சுவரோடு இருந்த சித்தப்பா, பொல்லுத்தடியை ஊன்றி எழும்பி வந்தார். தட்டைப் பிடித்த கையை மறித்தார்.

"உது ஆருக்கு? அவளுக்கோ, படத்துக்கோ?"

தட்டை வைத்திருந்தவள் படக்காரரைப் பார்த்தாள்.

"படத்துக்கெண்டால் என்ரை நெத்தியிலை வையுங்கோ. பேப்பரிலை செத்தவன் நான்தானே."

தட்டு அப்படியே திரும்பிப் போனது. படக்காரர் ஒருதரம் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு, காமராவின் கால்களை மடிக்கத் தொடங்கினார்.